ஓரத்தில் தைத்த பொன்மணி

நகந்து உக்காரு கண்ணு. இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேன், கனமில்ல. உள்ள வெறும் தூக்குப்போசிதான். போறப்ப அரிசிம்பருப்புச் சோறு கொண்டுக்கிட்டுப் போனேன், வர்றப்ப காலி. நீ கோயமுத்தூரா? செரி. நான் சூலூருல எறங்கிக்குவேன். பேசிக்கிட்டே போனா வழி தெரியாது.

கழுத்துல அட்டை தொங்குதே, பனியன் கம்பெனியா? என்ற மருமகளும் இப்ப திருப்பூருல அப்படி ஒரு கம்பெனிலதான் இருக்கறா. அவளைப் பாத்துட்டுத்தான் வர்றேன். கோகிலவாணின்னு பேரு. வாணின்னு கூப்புடுவேன். ஊட்டை விட்டுப் போயி ஒரு வருசம் ஆகப்போகுது. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல சாமி. சண்டை போட்டிருந்தா சமாதானமாவது ஆயிருக்கும். ஒரு மணிதான் காரணம். மிளகத்தனை பொன்மணி. சொன்னா நீ சிரிப்பே.

மொதல்ல அவ பிளேன் கம்பெனிலதான் இருந்தா. எங்கூர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் பெருசா பிளேனு நிக்கும்னு நெனச்சேன். ஒண்ணுமில்ல, நீளமா ஒரு கொட்டாயி, உள்ள லைட்டு. ஹெலிகாப்டருக்கும் பட்டாளத்து விமானத்துக்கும் உள்ள வெக்கிற சாமானம் செய்யறாங்க. எங்கூட்டுக்குப் பின்னால பொடக்காளில நின்னு கூப்பிட்டா அவங்க வாசலுக்குக் கேக்கும், அத்தனை கிட்டக்க. வாணி டிப்ளமா படிச்சவ. ஹெலிகாப்டரோட வயித்துப் பக்கம் ஒரு பெரிய பொட்டி இருக்குமாமா, ஆளு உள்ள எறங்கி உக்காந்து ஒயரு கட்டற அளவுக்கு. அதுல உக்காந்து கட்டறது இவ சோலி. கட்டி முடிச்சதும் மூடி போட்டு ஆணி அடிச்சிருவாங்க. "மூடிட்டாப் பொறவு யாரும் உள்ள பாக்க மாட்டாங்கத்தை, அதனால மூடறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பாத்துரோணும்"னு சொல்லுவா.

அங்க சட்டம் என்னன்னா, உள்ள போறவங்க மேல ஒரு பொட்டு சாமான் இருக்கக்கூடாது. வளையல் கூடாது, மோதரம் கூடாது, மிஞ்சி கூடாது, கொண்டையூசி கூடாது. பூக்கூட வெக்கக்கூடாது கண்ணு, நாரு உதுந்துருமாம். அதெல்லாங்கூடப் போவட்டும். தாலியைக் கழட்டோணும்னாங்க.

என்ற மகன் பூபதி பட்டாளத்துல இருக்கறான். பனிமலை மேல. அங்க ரோடு கெடையாது, அரிசி பருப்பு சீமெண்ணெய் எல்லாம் மேல இருந்து வந்து எறங்கறதுதான். அப்படி ஒருத்தன் அங்க நிக்கறப்ப இவ இங்க கழுத்தை வெறுமனே வெச்சுக்கிட்டு நாள்பூரா உக்காந்திருந்தா, பெத்தவ பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? நீயே சொல்லு.

எனக்கு என்ன நடந்துதுன்னு சொல்றேன், கேளு. என்ற ஊட்டுக்காரர் லாரி ஓட்டுனாரு. ஒரு நாளு காத்தால தொவைக்கற கல்லுல துணி தொவைச்சிட்டிருக்கறேன், தாலிக்கயிறு தானா அறுந்து ஈரத்துணி மேல விழுந்துது. பழைய கயிறு, இத்துப் போயிருந்துது. பொழுதோட மாத்திக்கலாம்னு எடுத்து இடுப்புல சொருகிட்டேன். பொழுது எறங்கறதுக்குள்ள சேதி வந்துருச்சு. பவானிப் பக்கம் லாரி கவுந்துபோச்சுன்னு. பூபதி அப்ப தவழற புள்ளை. அந்தக் கயிறை மறுபடியும் கட்டறதுக்கு எனக்கு வேலையே இல்லாமப் போச்சு.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கத்தைன்னா வாணி. மெதுவாத்தான் சொன்னா. மரியாதையான புள்ளை. காத்தால கழட்டிச் சாமி படத்துக்கு முன்னால வெச்சுட்டுப் போவா. பொழுதோட வந்ததும் கை காலு கழுவி எடுத்துப் போட்டுக்குவா. பூபதிகிட்டப் போன்ல சொன்னேன். "கழட்டி வெச்சுட்டுப் போகட்டும்மா, நான் ஒண்ணும் ஆக மாட்டேன்"னு சிரிக்கறான். அவங்கொப்பனும் அப்படித்தான் சிரிப்பாரு.

அந்தக் கம்பெனி இவளை எப்படி மாத்திப்போட்டுதுன்னு கேளு. அங்க ஒவ்வொரு சாமானுக்கும் அது உருவத்துலயே ஒரு குழி வெட்டி வெச்சிருப்பாங்களாமா. திருப்புளிக்குத் திருப்புளி மாதிரிக் குழி, குறட்டுக்குக் குறடு மாதிரிக் குழி. ஒரு குழி வெறுமனே கெடந்தா அது கெடைக்கற வரைக்கும் ஒருத்தரும் ஊட்டுக்குப் போகக்கூடாது. ஒரு நாளு இவ நேரங்கழிச்சு வந்தா. என்னன்னு கேட்டா, ஒடைஞ்சுபோன ஊசிமொனை ஒண்ணைத் தேடிட்டு இருந்தாங்களாம். கடைசில ஒருத்தன் கையுறைக்குள்ள இருந்துதாம். "ஊசிமொனைக்காடி ஊரையே உக்கார வெச்சாங்க?"ன்னு கேட்டேன். "ஆமாங்கத்தை"ன்னு சோறு போட்டுத் தின்னா.

அந்தப் பழக்கத்தை ஊட்டுக்கும் கொண்டாந்துட்டா. எங்கூட்டுச் சமையக்கட்டுச் செவுத்துல சாக்குக்கட்டில கரண்டிக்குக் கரண்டி படம் கீறி, மேல ஆணி அடிச்சு, அதது அதது எடத்துல மாட்டோணும்னா. பக்கத்தூட்டு நாகரத்தினம் வந்து பாத்துட்டு, "என்ன மயிலா, உன்ற மருமக கரண்டிக்கெல்லாம் பள்ளிக்கூடம் வெச்சிருக்கறா?"ன்னு சிரிச்சா. எனக்கும் சிரிப்புதான். ஆனா தோசைத் திருப்பி தொலையறது நின்னு போச்சு, அதையும் சொல்லோணும்.

கரண்டிய எண்ணத் தெரிஞ்சவளுக்குத் தாலில மணி எத்தனைன்னு எண்ணத் தெரியலை பாரு.

ஆடிப்பெருக்கன்னிக்கு அவளுக்குச் சரடு மாத்துனோம். நான் தாலி தொடக்கூடாதவ. நாகரத்தினம்தான் கோத்துக் கட்டுனா. தட்டுல மஞ்சக்கயிறு, தாலி, மணியெல்லாம் கை படாமத் துணியோட எடுத்து வெச்சுக் குடுத்தது நானு. ஒரு மணியை வெக்கலை. தனியா ஒரு துணில முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

வேற எதுக்கும் இல்ல சாமி. கழுத்துல போடக்கூடாதுன்னுதான சட்டம்? கால்ல இருக்கலாமல்ல? அவ உள்ள போட்டுக்கிட்டுப் போற சுடிதார் பேண்ட்டு ஓரத்துல, மடிச்சுத் தெச்சிருப்பாங்களே, அந்த மடிப்பைச் சித்த பிரிச்சு, மணியை உள்ள விட்டு, தெச்சுட்டேன். என்ற விரல் மணி மேல படக்கூடாதுன்னு துணியோட புடிச்சுத்தான் தெச்சேன். அவகிட்டச் சொல்லலை. சொன்னா வேண்டாம்பா. துணி தொவைக்கறது எப்பவும் நான்தான், அதனால தொந்தரவும் இல்ல. பொழுதோட ஒண்ணுல இருந்து பிரிப்பேன், அடுத்த நாளு போடற பேண்ட்டுல தெப்பேன். காத்தால எடுத்துக் குடுக்கறப்ப ஓரத்தைத் தொட்டுப் பாத்துக் குடுப்பேன். வாசல்ல ஒரு கருவி வெச்சு மேலயெல்லாம் தடவிப் பாப்பாங்களாம். மிளகத்தனை பொன்னுக்கு அது கத்தலை. சாமியே வழி விட்டுருச்சுன்னு நெனச்சேன். பூபதி போன் பண்றப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கறேன்னான். பின்னே?

சன்னலைச் சித்த சாத்து கண்ணு, கண்ணுல தூசி விழுது. ஆமா, அவ்வளவு போதும்.

ஒரு நாளு பொழுதோட பேண்ட்டை எடுத்து ஓரத்தைத் தொடறேன், மணியைக் காணோம். நூலு பிரிஞ்சு தொங்குது. அன்னிக்கு லாரிச் சேதி வந்தப்ப எப்படி இருந்துதோ அப்படி இருந்துது. "அய்யோ பூபதி"ன்னு கத்திப்போட்டேன். வாணி உள்ளருந்து ஓடி வந்தா. "என்னங்கத்தை, அவருக்கு என்ன?"ங்கறா. "மணியைக் காணோமே"ன்னேன். "எந்த மணி?"ன்னா. சொன்னேன்.

அவ மூஞ்சி போன போக்கை இன்னும் நான் மறக்கலை. திட்டுவான்னு பாத்தேன். திட்டலை. அப்படியே தொவைக்கற கல்லு மேல உக்காந்துட்டா. "அத்தை, காத்தால இருந்துச்சுங்களா?"ன்னு கேட்டா.

"இருந்துது அம்மிணி. தொட்டுப் பாத்துத்தான குடுத்தேன்."

"நல்லாத் தெரியுமா?"

"பொய்யா சொல்றேன்?"

பொடக்காளியெல்லாம் கூட்டிப் பாத்தா, சாக்கடையைக் கையை விட்டுத் துழாவுனா, வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் குனிஞ்சுக்கிட்டே போனா. கெடைக்கலை. அப்பறம் வந்து செருப்பைப் போட்டா. "எங்கடி?"ன்னேன். "கம்பெனிக்கு"ன்னா. "அட பைத்தியக்காரி, ரோட்டுல விழுந்து காக்கா கொத்திக்கிட்டுப் போயிருக்கும். போயி வாயைத் தொறந்தா உன்ற சோலிதான் போகும். யாருக்குத் தெரியப்போகுது?"ன்னு கையைப் புடிச்சேன். அவ என்ற கையை மெதுவா எடுத்துவிட்டா. "இன்னிக்கு மூணு பொட்டிக்குள்ள எறங்கியிருக்கறேங்கத்தை"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. தட்டுல போட்ட சோறு அப்படியே கெடந்துது.

நீ என்ன செய்வே கண்ணு? வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேல்ல? பொழைக்கத் தெரிஞ்ச புள்ளைன்னா அப்படித்தான் இருப்பாங்க. எம் மருமகளுக்கு அது தெரியலை.

கொட்டாயைப் பூட்டிப்போட்டாங்களாம். அடுத்த நாளு ஒருத்தருக்கும் வேலை இல்ல, தேடறதுதான் வேலை. மூடி முடிச்ச பொட்டியெல்லாம் ஆணியைத் தொளைச்சு எடுத்துத் தொறந்தாங்களாம். அனுப்பறதுக்கு லாரில ஏத்துனதைக்கூட எறக்கிட்டாங்களாம். கடைசில கெடைச்சுருச்சு. கெடைச்சுருச்சுன்னு சொல்றேன், கேளு! ஒரு பொட்டில, ஒயருக்கட்டுக்கு அடியில. ஓட்டறவன் ஹெலிகாப்டரை அப்படி இப்படித் திருப்பறதுக்கு ஒரு கம்பி போகுமாம், அதுக்குப் பக்கத்துல கெடந்துதாம். அது நகந்து நடுவுல சிக்குனா திருப்பவே முடியாதாம். மிளகத்தனை மணி! இத்தாப்பெரிய எந்திரம்! சொன்னா நம்பற மாதிரியா இருக்குது?

நான் என்ன கேக்கறேன்னா, கெடைச்சுருச்சல்ல. கெடைச்ச பொறவு அவளை எதுக்கு நிறுத்தோணும்?

அதுல இன்னொண்ணு. மணி எப்படி உள்ள வந்துதுன்னு கேட்டதுக்கு, நானே தெச்சுக்கிட்டேன்னு சொல்லிப்போட்டா. இதைக் கேட்டு எனக்கு வந்துதே கோவம். தெச்சது நானு, அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. யாருங் கேக்காதப்ப ஓடிப்போயி நெசத்தைச் சொன்னவ, கேட்டப்ப பொய்யி சொல்றா. அப்படியே தலைகீழா! "ஏண்டி அப்படிச் சொன்னே?"ன்னு கேட்டா, "விடுங்கத்தை, சாப்பிட்டீங்களா?"ங்கறா.

நான் விடலை. மறுநாளே நல்ல சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டு நேரா கம்பெனி வாசலுக்குப் போனேன். அவளுக்கு மேல இருக்கற பர்வீன் மேடம் வெளிய வந்தாங்க. நல்ல மனுசி. வண்டி நிறுத்தற எடத்துல நெழலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி என்னம்மான்னாங்க. "தெச்சது நானுங்க. அவ மேல தப்பில்ல. இந்த வாட்டி விட்டுப்போடுங்க"ன்னேன்.

அந்தம்மா சுத்தும் முத்தும் பாத்துட்டு என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "அம்மா, இத இனி யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவளுக்குத் தெரியாம வேற ஒருத்தர் வெச்சதுன்னு ஆனா, இது பட்டாளத்துச் சாமானம், போலீஸ் உங்க வீட்டுக்கு வரும். விசாரணைன்னு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அவ அதுக்காகத்தான்..."னு நிறுத்திட்டாங்க.

"வரட்டுமே. எங்கூட்டுல ஒளிச்சு வெக்க என்ன இருக்குது? வந்தா காப்பி போட்டுக் குடுக்கறேன்"னேன்.

அந்தம்மா என்ற கையை விட்டாங்க. "வெயில் ஏறுது, போங்கம்மா"ன்னாங்க. போலீசும் வரலை ஒருத்தரும் வரலை. சும்மா பயங்காட்டறாங்க, அவ்வளவுதான். உங்கிட்டச் சொன்னா என்ன, நீ எங்க போயிச் சொல்லப்போறே.

பூபதிக்கு இவ சொல்லியிருக்கறா. அவன் போன் பண்ணுனான். நானும் அழுது அழுது எல்லாத்தையும் சொன்னேன். உனக்காகத்தான் சாமி செஞ்சேன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அப்பறம், "அம்மா, நாங்க அந்த ஹெலிகாப்டர்லதாம்மா மேல போறோம்"னான்.

"ஆமா சாமி, பத்திரமாப் போ. கம்பளியைச் சுத்திக்க"ன்னேன்.

அதுக்கு மேல சத்தத்தையே காணோம். அந்த மலைல சிக்னல் அப்படித்தான், பேசிட்டு இருக்கறப்பவே போயிரும். வாணியும் அப்பத்தான் திருப்பூருல வேலை தேடிக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா.

இதா பல்லடம் வந்துருச்சு. பாரு, அந்தச் சந்து தெரியுதுல்ல, மருந்துக்கடைக்கு அக்கட்டால? அங்கதான் வாணி ரூம் பாத்திருக்கறாளாம். சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

பிளேன் கம்பெனில இருந்து அவளை மறுபடியும் கூப்பிட்டிருக்கறாங்க. பர்வீன் மேடம்தான் பேசி வாங்கிக் குடுத்தாங்களாம். தானா வந்து சொன்ன புள்ளையைக் கடைசி வரைக்கும் வெளிய நிறுத்துனா, நாளைக்கு எவளும் வந்து சொல்ல மாட்டாள்னு சண்டை புடிச்சாங்களாம். திங்கக்கெழமை சேரோணும். நாகரத்தினத்தோட மக சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்குத் தலைகால் புரியலை. அவ ரூமைக் கூட்டி, மெத்தையை வெயில்ல போட்டு, கரண்டியெல்லாம் தேச்சு வெச்சேன். அந்தச் சாக்குக்கட்டிப் படம் செவுத்துல அப்படியேதான் இருக்குது. அழிஞ்சா நானே மேல கீறிக்குவேன். நான் ஒருத்திதான் ஆக்கித் திங்கறேன், ஆனாலும் கழுவி அந்தந்தப் படத்துலதான் மாட்டறேன்.

புதுசா ஒரு சுடிதார் எடுத்தேன். எலுமிச்சங்காக் கலரு, பஞ்சாட்டம் துணி. சோத்தை ஆக்கிப் போசில போட்டுக்கிட்டு இன்னிக்குக் காத்தால அவ இருக்கற ஹாஸ்டலுக்குப் போனேன். இளைச்சுப் போயிட்டா. வாசப்படில உக்காந்து போசியோட வழிச்சுச் சாப்பிட்டா. "உங்க கையி சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சுங்கத்தை"ன்னா. எனக்கு அங்கயே பாதி உசுரு வந்துருச்சு.

துணியைக் குடுத்தேன். பிரிச்சா. நல்லா இருக்குதுங்கத்தைன்னா. சொல்லிட்டே, கண்ணு, பேண்ட்டோட ஓரத்தை ரெண்டு விரல்ல புடிச்சுத் தடவிக்கிட்டே போறா. ஒரு காலு ஓரம். அப்பறம் இன்னொரு காலு ஓரம். கை ஓரம். கழுத்துப்பட்டி. நாடா கோக்கற எடம். வாச்மேன் பாத்துக்கிட்டு நிக்கறான்.

"அதுல ஒண்ணுமில்ல அம்மிணி"ன்னேன்.

"தெரியுதுங்கத்தை"ன்னா. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்குது. ஆனா கை நிக்கலை. கடைசித் தையல் வரைக்கும் தடவிப் பாத்துட்டுத்தான் மடிச்சா.

ஊட்டுக்கு வந்துருன்னேன். கம்பெனி நம்ம பொடக்காளிக்குப் பின்னாலதான இருக்குது, நடந்து போயிட்டு நடந்து வந்துரலாம்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டா. பல்லடத்துல ரூம் எடுத்திருக்கறேன், கம்பெனி வண்டி அங்க வருதுன்னா. "எம் மேல இன்னும் கோவமா?"ன்னு கேட்டேன்.

"கோவம் இல்லீங்கத்தை. அங்க இருந்தா தெனமும் காத்தால இப்படித்தான் தடவிப் பாத்து உடுத்துவேன். நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்க. ரெண்டு பேருக்கும் அது வேண்டாம்."

தடவிப் பாத்துக்கட்டுமே கண்ணு! நானா வேண்டாங்கறேன்? பாத்துட்டு இருந்துட்டுப் போறேன். இதுக்குப் போயி ஒருத்தி ஊட்டை விட்டுட்டு வாடகை ரூமுக்குப் போவாளா? படிச்ச புள்ளைகளுக்கு ரோசம் எச்சா.

மணியா? அது எங்கிட்டத்தான் இருக்குது. கம்பெனில ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தாங்க. மறுபடியும் சரட்டுல கோத்துக்கன்னு எத்தனையோ தடவ சொன்னேன். "நீங்களே வெச்சுக்கங்கத்தை"ன்னுட்டுப் போயிட்டா. நான் வெச்சுக்கற சாமானமா அது? தொடவே கூடாதவ. சாமி படத்துக்கு முன்னால வெச்சுப் பாத்தேன். மனசு கேக்கலை. அவன் அங்க பனில நிக்கறான். யாராவது ஒருத்தர் மேல அது இருக்கோணுமல்ல? அவ சொமக்க மாட்டேங்கறா. அதான், என்ற சேலை முந்தானை ஓரத்துலயே வெச்சுத் தெச்சுட்டேன். சாமி குத்தம்னா என்னையப் புடிக்கட்டும். அதைச் சொமக்க இருக்கற உசுரு இதுதான். ரெட்டை நூலு போட்டிருக்கறேன், பிரியாது.

இதா, இந்த ஓரம். கல்லுல தொவைச்சுத் தொவைச்சு எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு கண்ணு. சில நேரம் தொட்டா இருக்கற மாதிரித் தெரியுது, சில நேரம் தெரிய மாட்டேங்குது. நீ எளம்புள்ளை. சித்த தொட்டுப் பாத்துச் சொல்லு.

இருக்குதா?